இரண்டாவது கியரில்

கூடாரத்தின் கடைசி முளை மண்ணைவிட்டு வரமாட்டேன் என்று அடம்பிடித்தது. அவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அதை இப்படியும் அப்படியுமாக ஆட்டிக்கொண்டிருந்தார். அவள் ஏரித் தண்ணீரில் அலசிய தட்டுகளைத் துண்டால் துடைத்தபடி பார்த்துக்கொண்டு நின்றாள். ஆட்டிக்கொண்டிருந்த கை சட்டென்று நின்றது. மறந்துபோன எதையோ ஞாபகப்படுத்திக்கொள்பவர்போலக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். பிறகு மெதுவாக, ரொம்ப மெதுவாக, புல்லில் உட்கார்ந்தார்.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல. கேஸு."

"ஒரு வாய் டீதான குடிச்சீங்க. அதுல என்ன கேஸு?"

"வெறும் வயித்துலயும் வரும்."

அவளைப் பார்த்துச் சொல்லவில்லை. ஏரியைப் பார்த்துச் சொன்னார்.

தட்டுகளைப் புல்லில் போட்டுவிட்டு ஓடினாள். அவர் நெற்றியில் வேர்வை முத்துமுத்தாக நின்றது. வெயில் இன்னும் மரங்களுக்குமேல் வரவில்லை. அவளே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டிருந்தாள். கோடை முடிகிற சமயத்துக் காலைக் குளிர் அது. அந்தக் குளிரில் அவருடைய சட்டைக் காலர் நனைந்து கழுத்தோடு ஒட்டியிருந்தது. தொட்டுப் பார்த்தாள். சில்லென்று இருந்தது.

பயந்துபோனாள். புதிதாக வந்த பயம் இல்லை அது. நாலைந்து நாளாகவே கூட வந்துகொண்டிருந்த பயம்தான். இப்போது முகத்தைக் காட்டியது.

அவர் லிஃப்ட் மெக்கானிக். கூட வேலை பார்த்தவர்கள் 'லிஃப்ட்டு' என்றே கூப்பிட்டார்கள். வாழ்க்கையில் பாதியை வெளிச்சம் நுழையாத குழிகளுக்குள் டார்ச்சைப் பல்லில் கவ்வியபடி கழித்தவர். "மேல போறதும் கீழ வர்றதும்தான் நம்ம பொழப்பு. ஒருநாள் மேல போயி கீழ வராம இருந்துட்டா கணக்கு முடிஞ்சுது" என்று சொல்லிச் சிரிப்பார். "வாயக் கழுவுங்க" என்பாள் அவள். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுவாரமே, ரொட்டி ஏற்றிப்போன பழைய வேன் ஒன்றை வாங்கிவந்து வாசலில் நிறுத்தினார். கூரை தெரியாத இடமாகப் பார்த்துக் கொஞ்ச நாள் படுத்துக்கிடக்க வேண்டும் என்றார். அவள் திரைச்சீலை தைக்கும் கடையில் வேலை பார்த்தாள். மிச்சம் விழுந்த துணிகளைக் கேட்டு வாங்கி, வேனின் ஒவ்வொரு ஜன்னலுக்கும் ஒவ்வொரு நிறத்தில் திரை தைத்துப் போட்டாள். வெயில் ஏறினால் வண்டிக்குள் இப்போதும் ரொட்டி வாசனை வந்தது. சும்மா இருக்கும்போதே பசிக்கிறது என்று இரண்டு பேரும் சிரித்துக்கொண்டார்கள்.

போகிற வழிக்குத் திட்டம் ஒன்றும் இல்லை. நிழல் கண்ட இடத்தில் நிறுத்தினார்கள். ஆறு கண்ட இடத்தில் குளித்தார்கள். அறுத்து முடித்த வயல்கள், ஓரமாகப் பழுக்கத் தொடங்கியிருந்த இலைகள், கிளம்புவதற்கு ஆள் சேர்ப்பதுபோல மின்கம்பியில் வரிசைகட்டிய சின்னப் பறவைகள். மத்தியானம் அவர் தூங்குவார். அவள் முள்புதர்களில் கறுத்துத் தொங்கிய பழங்களைப் பறித்துத் தின்று நாக்கை ஊதாவாக்கிக்கொள்வாள். இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு சோம்பல் அவர்களுக்கு வாய்த்ததே இல்லை.

மலைப் பக்கம் வந்த பிறகுதான் கவனித்தாள். ஏற்றத்தில் பத்தடி வைத்ததும் அவர் நின்றார். "என்ன ஒரு காட்சி பாரு" என்றார். இன்னொரு பத்தடி. "அந்த மலைய பாரேன், யானை படுத்த மாதிரி." ரிட்டையர் ஆனதும் மனுஷன் கவிஞராகிவிட்டார் என்று முதலில் கேலி செய்தாள். பிறகு, காட்சியைப் பாராட்டும்போதெல்லாம் அவர் வாய் திறந்தே இருப்பதைப் பார்த்தாள். மூச்சுக்காக நிற்கிறார். நேற்று மாலை, "போதுங்க, நாளைக்குத் திரும்பிரலாம்" என்றாள். எதற்கெடுத்தாலும் எதிர்வாதம் பேசுகிற மனுஷன், "சரி, போயிரலாம்" என்றார். உடனே. மறுபேச்சில்லாமல். அந்தச் 'சரி'தான் அவளை ராத்திரியெல்லாம் புரள வைத்தது.

இப்போது போனை எடுத்துப் பார்த்தாள். சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. இல்லையென்று முதல் நாளே தெரியும். சுற்றிலும் கூடாரம் போட்டிருந்தவர்கள் எல்லாம் கிளம்பிப்போய்விட்டார்கள். அவர்கள் படுத்திருந்த இடங்களில் புல் மட்டும் மஞ்சளாக அமுங்கிக் கிடந்தது. முகாமைப் பார்த்துக்கொள்கிற காவலாளியும் நேற்றே தண்ணீர்க் குழாயை அடைத்துவிட்டு, போகும்போது கேட்டைச் சாத்திவிட்டுப் போகச் சொல்லிவிட்டு இறங்கிப் போனான். தெரிந்தும் அவன் அறைவரை ஓடினாள். பூட்டு தொங்கியது. பின்னாலிருந்த மேட்டில் ஏறிக் கையைத் தூக்கிப் போனை ஆட்டினாள். ஏரி அசையாமல் கிடந்தது. பறவைச் சத்தம்கூட இல்லை. இவ்வளவு அழகான இடத்தில் உதவிக்கு ஒரு ஆள் இல்லை என்பது, யாரோ வேண்டுமென்றே செய்த காரியம்போல இருந்தது.

மூச்சிரைக்கத் திரும்பி வந்தபோது அவர் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார். கையில் அந்த முளை.

"வந்துருச்சு பாரு," என்றார்.

அதைப் பிடுங்கி ஏரிக்குள் வீச வேண்டும்போல இருந்தது அவளுக்கு. அவர் உதடு நிறம் மாறியிருந்தது.

"எந்திரிங்க. கீழ போவோம். ஆஸ்பத்திரி எங்கயாவது இருக்கும்."

அவர் சட்டைப் பையிலிருந்து வண்டிச் சாவியை எடுத்து நீட்டினார்.

"நீ ஓட்டு."

அவள் சாவியைப் பார்த்தாள். லைசென்ஸ் இருந்தது, இல்லாமல் இல்லை. மகள் பள்ளிக்கூடம் போன காலத்தில் ஓட்டிக்கொண்டுதான் இருந்தாள். ஒருநாள் ஆற்றுப் பாலத்தின் நடுவில் வண்டி அணைந்துபோனது. பின்னால் வரிசையாக ஹாரன். யாரோ கண்ணாடியில் தட்டித் திட்டினார்கள். கை இரண்டும் ஸ்டியரிங்கோடு ஒட்டிக்கொண்டன. விரலைக்கூடப் பிரிக்க முடியவில்லை. போலீஸ்காரர் ஒருவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்து பேசிப் பேசி இறக்கினார். அதற்குப் பிறகு அவள் சாவியைத் தொடவில்லை. அவள் போடும் டீ முதல் அவள் குறட்டைவரை எல்லாவற்றையும் கேலி செய்கிற புருஷன், அந்தப் பாலத்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"என்னால முடியாதுங்க."

"எனக்கும் முடியலம்மா," என்றார் அவர்.

அப்படி அவர் சொல்லிக் கேட்டதே இல்லை. சாவியை வாங்கிக்கொண்டாள்.

கூடாரத்தைச் சுருட்டவில்லை. தட்டுகளைப் பொறுக்கவில்லை. அவரைத் தோளில் தாங்கிப் பக்கத்து இருக்கையில் உட்காரவைத்து, சாய்மானத்தைப் பின்னால் தள்ளி, பெல்ட்டை மாட்டினாள். சுற்றிவந்து ஏறிச் சாவியைத் திருகினாள். வண்டி ஒரு குதி குதித்து அணைந்தது. மறுபடி திருகினாள். மறுபடி அணைந்தது. கிளட்சை இன்னும் ஆழமாக மிதித்தாள்.

"அணைஞ்சா என்ன, திரும்பப் போடு," என்றார் கண்ணை மூடியபடி. "பின்னாடி யாரும் ஹாரன் அடிக்கல."

மூன்றாம் முறை வண்டி நகர்ந்தது. கேட்டைச் சாத்த வேண்டும் என்பது நினைவுக்கு வந்தபோது கேட் எங்கோ பின்னால் போய்விட்டிருந்தது.

வரும்போது இந்தச் சாலையைப் பார்த்து வாயைப் பிளந்தவள் அவள்தான். மலையைச் சீவி எடுத்த ஒற்றை வழி. ஒரு பக்கம் பாறை. இன்னொரு பக்கம் முழங்கால் உயரத்துக்குக் கல் அடுக்கியிருந்தார்கள். அதற்கு அந்தப்புறம் ஒன்றுமே இல்லை. அடியில் நூல்போல ஆறு. இறங்கும்போது அந்த ஒன்றுமில்லாத பக்கம் அவளுடைய பக்கமாக இருந்தது.

"ரெண்டாவது கியர்லயே போ. பிரேக்க மிதிச்சுக்கிட்டே இருக்காத, சூடேறிரும். கியரே வண்டியப் பிடிச்சுக்கும்."

"ம்."

"வளைவுக்கு முன்னாடி ஹாரன்."

ஹாரன் அடித்தாள். மலை அதைத் திருப்பி அடித்தது.

"பள்ளத்த பாக்காத. எங்க போகணுமோ அங்க பாரு. எங்க பாக்கறியோ அங்கதான் வண்டி போகும்."

"நீங்க பேசாதீங்க. மூச்சு வாங்கறப்ப பேசாதீங்க." உடனே, "இல்ல, பேசுங்க," என்றாள்.

அவர் பேசினார். விட்டு விட்டுப் பேசினார். ஒவ்வொரு வளைவையும் அவரே ஓட்டுவதுபோலச் சொல்லிக்கொண்டு வந்தார். அவள் ஸ்டியரிங்கை மார்போடு அணைக்கிற மாதிரி பிடித்திருந்தாள். வேர்வை புருவத்தைத் தாண்டிக் கண்ணில் இறங்கியது, துடைக்கக் கை எடுக்கப் பயமாக இருந்தது.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்," என்றார்.

"கீழ போயி சொல்லுங்க."

"ஊரவிட்டுக் கிளம்பறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட போனேன்."

முன்னால் வளைவு. ஹாரன் அடித்தாள். திருப்பினாள். நேராக்கினாள்.

"எந்த டாக்டர்?"

"இதய டாக்டர். குழாய் அடைச்சிருக்காம். ஆபரேஷன் பண்ணணும்னாரு."

"எப்ப பண்ணணும்னாரு?"

அவர் பெல்ட்டைக் கொஞ்சம் தளர்த்திக்கொண்டார்.

"எப்ப பண்ணணும்னாருங்க?"

"உடனேன்னாரு. நாந்தான் கோடை போகட்டும்னு நெனச்சேன். ஆஸ்பத்திரில படுத்தா அங்கயும் கூரையத்தான பாத்துக்கிட்டுக் கெடக்கணும். போயிட்டு வந்து சொல்லிக்கலாம்னு…"

அவளுக்குக் கோபம் கொதித்து வந்தது. பயத்தைவிடப் பெரிதாக வந்தது. கொஞ்ச நேரம் பள்ளம் இருப்பதே மறந்துபோனது.

"பைத்தியமா உங்களுக்கு? ஏரியும் மலையும் எங்கயாவது ஓடிப்போகுதா? கூட வந்து தின்னுட்டுத் தூங்கிட்டுக் கெடந்தேனே, நான் என்ன வேன்ல வெச்ச சாமானா? எங்கிட்ட சொல்றதுக்கு என்ன வந்துச்சு? இறங்குனதும் இருக்கு உங்களுக்கு. மொதல்ல எந்திரிச்சு நடங்க, அப்புறம் பேசிக்கறேன். உங்க மகளுக்கும் சொல்லி ரெண்டு பேருமா சேந்து உங்கள…"

அவர் சிரித்தார். மூக்கால் விடுகிற அந்தச் சின்னச் சிரிப்பு. அவள் திட்டும்போதெல்லாம், திட்டு முடியப்போகிறது என்று தெரிந்ததும் சிரிக்கிற சிரிப்பு.

"சிரிக்காதீங்க," என்றாள்.

அடுத்தது இறுக்கமான ஒரு வளைவு. அதற்கடுத்து இன்னொன்று. இரண்டையும் அவர் சொல்லாமலே திருப்பினாள். சாலையில் சரளைக் கற்கள் சிதறிக் கிடந்தன, டயர் அவற்றின்மேல் நறநறவென்று ஏறி இறங்கியது. "இங்க மெதுவா போகணுமாங்க?" என்று கேட்டாள். பதில் இல்லை. கேட்டுவிட்டோமே என்று இருந்தது.

பார்க்க வேண்டுமானால் தலையை ஒரு பக்கம் கொஞ்சம் திருப்பினால் போதும். அவள் திருப்பவில்லை. சாலையிலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது, எடுத்தால் இரண்டு பேரும் பள்ளத்தில் கிடப்போம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அது உண்மையும்தான். ஆனால் அது மட்டும் காரணம் இல்லை என்று அவள் உடம்பின் ஒரு பக்கத்துக்குத் தெரிந்திருந்தது. அவர் இருந்த அந்தப் பக்கம் முழுவதும், காது, தோள், முழங்கை எல்லாம், விறைத்துப் போயிருந்தது.

"தூங்குங்க. நல்லா தூங்குங்க. நான் பாத்துக்கறேன்." குரல் யாருடையதோபோல இருந்தது. "ரெண்டாவதுலதான் போறேன். பிரேக்க மிதிக்கல. பாத்தீங்களா?"

ஒரு வளைவைத் தாண்டியதும் சாலை முழுக்க ஆடுகள்.

பிரேக்கை மிதித்தாள். வண்டி உலுக்கி நின்றது, அணைந்தது. அழுக்கு வெள்ளை முதுகுகள் பாறைக்கும் கல்லடுக்குக்கும் நடுவே சாலையை அடைத்துக்கொண்டு மெதுவாக நகர்ந்தன. கோடைக்கு மேய்க்க மேலே கொண்டுபோன மந்தை, கீழே இறங்குகிறது. கழுத்து மணிகள் கலகலவென்று ஒலித்தன. ஹாரனை அழுத்தினாள். விடாமல் அழுத்தினாள். ஒரு ஆடு திரும்பிப் பார்த்துவிட்டு நின்ற இடத்திலேயே நின்றது.

மந்தைக்கு நடுவிலிருந்து மேய்ப்பர் கையைத் தூக்கிக்கொண்டு வந்தார். நடு வயசுக்காரர், முகமெல்லாம் வெயில் பட்டுக் கறுத்திருந்தது.

"கொஞ்சம் பொறுங்கக்கா. வளைவு தாண்டுனா எடம் இருக்கு, ஒதுக்கிடறேன்."

"அவருக்கு முடியல!" கண்ணாடியை இறக்கிக் கத்தினாள். "நெஞ்சு வலி. வழி விடுங்க. தயவுசெஞ்சு வழி விடுங்கய்யா!"

மேய்ப்பர் முகம் மாறியது. திரும்பி ஓடினார். நாயை விசிலடித்துக் கூப்பிட்டார். கோலால் கற்களில் அடித்தார், ஆடுகளை வயிற்றில் கைகொடுத்துத் தூக்கிப் பாறைமேல் ஏற்றினார். "ஹேய், ஹேய்" என்று அந்த மனுஷன் தொண்டை கிழியக் கத்தியதைப் பார்த்து அவளுக்கு அழுகை முட்டியது. ஆடுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி ஒதுங்கின. வேன் போகிற அளவுக்கு வழி பிறந்தது.

ஓடி வந்தார். "போங்கக்கா, சீக்கிரம் போங்க, கீழ ஊருக்குள்ள நுழைஞ்சதும் ஆஸ்பத்திரி இருக்கு, சீக்கிரம்" என்று சொல்லிக்கொண்டே வண்டியின் முன்னால் சுற்றி மறுபக்க ஜன்னலுக்கு வந்தார். உள்ளே குனிந்து பார்த்தார்.

அவள் நேராக, ஆடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மணிச்சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. மேய்ப்பர் நிமிர்ந்தார். திரும்பி அவள் பக்கம் வந்து, இறக்கியிருந்த கண்ணாடியின்மேல் கையை வைத்தார். இப்போது குரல் இறங்கியிருந்தது.

"மெதுவா போங்கக்கா," என்றார். "அவசரமில்ல."

அவள் சாவியைத் திருகினாள். வண்டி முதல் தடவையிலேயே பிடித்துக்கொண்டது.

"அவசரமில்லையாம்," என்றாள் அடுத்த வளைவு தாண்டியதும், பக்கத்தில் பார்க்காமல். "இப்பத்தான் சீக்கிரம் போ, சீக்கிரம் போன்னாரு. அதுக்குள்ள அவசரமில்லையாம். என்ன ஆளுங்க பாருங்க."

கல்லடுக்கு முடிந்து வேலிகள் வந்தன. வேலிகள் முடிந்து வீடுகள் வந்தன. ஒரு பெண் மாடியில் நின்று விரிப்பை உதறிக்கொண்டிருந்தாள். வண்டிக்குள் வெயில் ஏறி ரொட்டி வாசனை வந்தது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரி சின்னதாக இருந்தது. ஒரு மாடி, வெள்ளைச் சுவர், முன்னால் சரிவு. சரிவின் நுனியில் சுவரை முட்டுகிற மாதிரி நிறுத்தி ஹாரன் அடித்தாள். நர்ஸ் ஒருத்தியும் ஸ்ட்ரெச்சரோடு ஒரு ஆளும் ஓடி வந்தார்கள். மறுபக்கக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. பேச்சு கேட்டது. பிறகு பேச்சு நின்றது.

"அம்மா, எஞ்சினை நிறுத்துங்க," என்றாள் நர்ஸ்.

நிறுத்தினாள்.

"அம்மா. இங்க பாருங்க."

சுவரில் பெயின்ட் உரிந்த இடம் ஒன்று இருந்தது. அதையே பார்த்தாள். பிறகு கண்ணை மட்டும், தலையைத் திருப்பாமல், கீழே இறக்கினாள். முதலில் அவருடைய கால்தான் தெரிந்தது. செருப்பு கழன்றிருந்தது. வலது பாதம் தரை விரிப்பில், இல்லாத பிரேக்கை மிதித்தபடி, அழுத்தமாக ஊன்றியிருந்தது.

உள்ளே டாக்டர் இளம் வயசுக்காரர். தன்மையாகத்தான் கேட்டார். "கடைசியா எப்ப பேசினாருன்னு சொல்ல முடியுமா? சுமாரா சொன்னாக்கூட போதும்."

அவள் யோசித்தாள். சரளைக்கு முன்னால். திட்டுக்குப் பின்னால். அந்த இறுக்கமான இரண்டு வளைவில் முதலாவதிலா, இரண்டாவதிலா? மனசுக்குள் அந்தச் சாலையை மேலிருந்து மறுபடி இறங்கிப் பார்த்தாள். ஒவ்வொரு வளைவிலும் நின்று நின்று பார்த்தாள்.

"சிரிச்சாரு," என்றாள் கடைசியில். "பேசல. சிரிச்சாரு."

டாக்டர் அதை எப்படி எழுதுவது என்று தெரியாமல் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

நர்ஸ் ஒரு டம்ளரில் டீ கொடுத்தாள். ஆஸ்பத்திரி போனிலிருந்து மகளைக் கூப்பிட்டுக் கொடுத்தாள். செய்தியைச் சொன்னது நர்ஸ்தான். அவள் போனை வாங்கிக் காதில் வைத்தபோது அந்தப் பக்கம் அழுகை மட்டும் இருந்தது. ரொம்ப நேரம் இருந்தது.

"அம்மா," என்றாள் மகள். "அப்பாதான் ஓட்டிட்டு வந்தாரா? ஓட்டும்போதேவா?"

"இல்ல. நான் ஓட்டினேன்."

"அந்த மலையிலயாம்மா?"

"ம்."

"நீ அங்கயே இரு. நான் கெளம்பிட்டேன். சாயந்திரத்துக்குள்ள வந்துருவேன். எங்கயும் போகாத. வண்டியத் தொடாத."

"சரி."

போனை வைத்துவிட்டு டீயைக் குடித்தாள். ஆறிப்போயிருந்தது, ஆனாலும் குடித்தாள். ஜன்னலுக்கு வெளியே சரிவில் வேன் குறுக்காக நின்றது. மறுபக்கக் கதவு இன்னும் திறந்தே கிடந்தது. தெருவிலிருந்து ஒரு ஆம்புலன்ஸ் திரும்பி உள்ளே வரப் பார்த்து, வழியில்லாமல் நின்றது. சின்னதாக ஒரு தடவை ஹாரன் அடித்தது.

நர்ஸ் தயங்கித் தயங்கி வந்தாள். "அம்மா, வண்டிய கொஞ்சம் நகத்தணும். சாவியக் குடுங்க, ஓட்டத் தெரிஞ்ச யாரையாவது கூப்பிடறேன்."

சாவி இன்னும் அவள் உள்ளங்கையில்தான் இருந்தது. அதன் பல் பதிந்து தோல் சிவந்திருந்தது.

"நானே எடுக்கறேன்," என்றாள்.

வெளியே வெயில் நன்றாக ஏறியிருந்தது. திறந்து கிடந்த கதவைச் சாத்தினாள். சுற்றிவந்து ஏறி உட்கார்ந்தாள். ஆம்புலன்ஸ் ஓட்டுநர் அவசரப்படுத்தாமல் காத்திருந்தார். சாவியைத் திருகி, ரிவர்ஸ் போட்டு, சுவரிலிருந்து விலக்கி, ஓரமாக இருந்த மரத்தடிக்குக் கொண்டுபோனாள். ஒதுங்கிவிட்டேன், போகலாம் என்று அந்த ஓட்டுநருக்குச் சிக்னல் காட்டுவதற்காக, ஸ்டியரிங்குக்குப் பக்கத்திலிருந்த குச்சியைத் தட்டினாள். வைப்பர் ஓட ஆரம்பித்தது. ஒரு சொட்டு ஈரமில்லாத கண்ணாடியில் தூசியை இழுத்துக்கொண்டு, கிறீச், கிறீச் என்று போய்வந்தது. குச்சியை மேலே தள்ளினாள். இன்னும் வேகமாக ஓடியது.

இதை எப்படி நிறுத்துவது என்று கேட்கப் பக்கத்தில் திரும்பினாள்.

பின்னால் சாய்த்துவைத்த இருக்கை காலியாக இருந்தது. பிறகு, முன்னால் இருந்த பொத்தான்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்க்கத் தொடங்கினாள்.